அந்த ஊசி கருத்தடை ஊசியும்தான்

"ஒரு சைக்கிள் (சில வாரம் விடாம ஊசி) போடு தம்பி, மூணு மாசத்துல உடம்பு ஏறிடும்" என்று ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசியை எடுத்து நீட்டுகிற ஜிம் மாஸ்டர்கள் ஒன்றை மட்டும் சொல்வதே இல்லை. இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாக உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1990-இல் வந்த ஆய்வு அது. 271 ஆரோக்கியமான ஆண்கள், வாரம் 200 மில்லிகிராம். அதில் 157 பேருக்கு விந்தில் ஒரு விந்தணுகூட இல்லாமல் போனது. நம் பையன்கள் பலர் போடுவது இந்த அளவுக்கும் மேல், கூடவே டெகா, டயனபால் போன்ற ஸ்டீராய்டுகள் வேறு.

வெளியிலிருந்து ஹார்மோன் வந்து ரத்தத்தில் நிறைந்ததும், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. விரைக்கு வேலை சொல்வதே அவை இரண்டும்தான். விந்தணு உருவாக விரைக்குள்ளே ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும், அது அங்கேயே சுரக்க வேண்டும், ஊசியால் அதை ஈடுகட்ட முடியாது. விரை சுருங்கும். ஆனால் ஊசி போடும் காலத்தில் ஆசைக்கோ விறைப்புக்கோ பெரும்பாலும் குறை தெரியாது, அதனால் யாருக்கும் சந்தேகமே வராது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்றதும் முதலில் அந்தப் பெண்ணைத்தான் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் கருக்குழாய் எக்ஸ்ரேக்கும் இழுத்துக்கொண்டு அலைகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், "என் புள்ள உடம்பப் பாருங்க, அவனுக்கு என்ன குறை" என்று மாமியார் டாக்டர் முன்னாலேயே சொன்னார். பையன் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான், ஊசி பற்றி வாயே திறக்கவில்லை. செமன் ரிப்போர்ட்டில் விந்தணு எண்ணிக்கை சைபர்.

நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். கருத்தடை ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் சுமார் 67 சதவீதம் பேருக்கு 6 மாதத்தில், 90 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் எண்ணிக்கை மீண்டது. வருடக்கணக்கில் கண்டபடி போட்டவர்களுக்கு இதைவிட இழுக்கலாம், சிலருக்கு முழுதாக மீளாமலும் போகலாம். ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகும், அதனால் நிறுத்திய அடுத்த மாத ரிப்போர்ட்டைப் பார்த்து உடைந்துபோக வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. நிறுத்தியதும் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ரிப்போர்ட் வரும், சோர்வாக இருக்கும், மறுபடி அதே ஊசியை யாராவது எழுதிக் கொடுப்பார்கள். குழந்தை வேண்டுமென்றால் அதைப் போடவே போடாதீர்கள். ஹெச்.சி.ஜி., க்ளோமிஃபீன் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன, அதையும் மாஸ்டர் பேச்சைக் கேட்டு வாங்காமல் ஆண் மலட்டுத்தன்மை பார்க்கிற டாக்டரிடமே போங்கள். என்ன போட்டீர்கள், எவ்வளவு நாள் போட்டீர்கள் என்று ஒன்றுவிடாமல் அவரிடம் சொல்லுங்கள், மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.