பீசோ தகடு காற்றிலிருந்து ஒலியை எடுப்பதில்லை

வீட்டில் செய்த இசைக்கருவிகளில் ஒட்டப்படும் பீசோ தகடு (அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் சிறு வட்டத் தகடு) மலிவான மைக் மட்டுமே என்றும், அதை ஒட்டிய ஒரு சீப்பைச் சுண்டும்போது கேட்கும் கனத்த ஒலி சீப்பிலிருந்து எழ முடியாது என்பதால் அது முன்பே பதிவுசெய்யப்பட்டதாகவே இருக்கும் என்றும் சிலர் கூறுகின்றனர். இது சரியன்று என்பதைப் பணிவுடன் குறிப்பிட விரும்புகிறேன்.

சாதாரண ஒலிவாங்கி காற்றின் அசைவை உணர்கிறது. பீசோ தகடோ, தான் ஒட்டப்பட்ட பொருளின் அதிர்வையே நேரடியாக மின்னழுத்தமாக மாற்றுகிறது. சீப்பின் பல்லைச் சுண்டும்போது காற்றுக்குப் போய்ச் சேர்வது அந்த அதிர்வின் சிறு பங்குதான். காதுக்கு எட்டாத எஞ்சிய பகுதியே பெருக்கியில் இடிபோல் முழங்குகிறது. பிரித்தானிய இசையமைப்பாளர் ஹியூ டேவிஸ் 1968 இலேயே ஒரு கலைக்களஞ்சியத் தொகுதியின் அட்டைகளுக்குள் சுருள்வில் போன்ற சிறு பொருள்களைப் பொருத்தி, இதே வழியில் இசைத்தார்.

இதை எவரும் சோதிக்கலாம். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் கடைகளில் பீசோ தகட்டைக் கேட்டுப் பாருங்கள். அல்லது பழுதான பீசோ பஸர் (ஒலியெழுப்பி) ஒன்றைத் திறந்தால், உள்ளே வெண்பூச்சுள்ள பித்தளை வட்டத்தைக் காணலாம். அதன் இரு வயர்களையும் கிற்றார் பெருக்கியில் செருகும் ஜாக்கில் பற்றவைத்து, தகட்டை மேசையில் ஒட்டி, ஒலியளவைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். அருகில் நின்று பேசினால் குரல் மங்கலாகவே கேட்கும், அதுவும் மேசை சற்று அதிர்வதால்தான். பின்னர் மேசையை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள்.