மரபணு இருக்கும், வாயைத் திறக்காது

“செடிக்குள் ஒரு முறை வைத்த மரபணு கடைசி வரை வேலை செய்யும்” என்று மரபணு மாற்றிய பயிர்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அங்கேதான் இடிக்கிறது.

1990இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பூவின் நிறத்தை மாற்றும் மக்காச்சோள மரபணு ஏற்றிய சுமார் 30,000 பெட்டூனியாச் செடிகள் வயலில் நடப்பட்டன. பூ வெளிர் செங்கல் நிறத்தில் வரவேண்டும். முதலில் வந்தது. வெயில் ஏறியதும் அதே செடிகளில் பல வெளுத்த பூக்களைப் பூத்தன. மரபணு எங்கேயும் போகவில்லை. அதை முடுக்கிவிடும் முன்பகுதியில் மீத்தைல் என்ற சின்ன வேதிக் குழு ஒட்டிக்கொண்டது. டிஎன்ஏவில் ஒரு எழுத்தும் மாறவில்லை, செடியால் அதைப் படிக்கத்தான் முடியவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் மீத்தைல் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. வேப்பூர் பக்கம் பருத்தி போடும் என் மாமா, காயைப் பிளந்து புழுவைக் காட்டி, “விதையில இருந்த விஷம் செத்துப்போச்சுடா” என்பார். பி.டி. பருத்தியில் (புழுவைக் கொல்லும் நச்சைச் செடியே உண்டாக்கும்படி பாக்டீரியா மரபணு ஏற்றிய பருத்தி) செடிக்கு வயதாக ஆக நச்சின் அளவு குறைவது உண்மைதான். ஆனால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நச்சையே தாங்கப் பழகிவிட்டதுதான் பெரிய காரணம். அங்கே மாறியது புழு, கொலோனில் மாறியது செடி.

அப்புறம் ஒன்று: ஒரே மரபணு பல பிரதிகளாக நுழைந்தால் செடி அதை அடக்கிவிடும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் ஒற்றைப் பிரதி உள்ள செடிகளைத் தேடி, பல தலைமுறை விதைத்துப் பார்த்த பிறகே ரகமாக எடுக்கிறார்கள். கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம்.