படம் வந்தது 1965, கோல்ட்ரேன் வாசிச்சது 1960

தம்பி, 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படம் ஹிட் ஆனதும் அதுல இருந்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாட்டை அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் எடுத்துக்கிட்டாரு, ஜாஸ்னாலே ஹிட் பாட்டை சாக்ஸபோன்ல (சாக்ஸ்) காப்பி அடிக்கிறதுதான்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுமே தப்பு.

படம் 1965-ல வந்தது. கோல்ட்ரேன் ரெக்கார்ட் பண்ணது 1960 அக்டோபர்ல. பாட்டு பிறந்தது 1959-ல நியூயார்க்கோட நாடக வட்டாரமான பிராட்வேல அதே பேர்ல அரங்கேறின இசை நாடகத்துக்காக. மெட்டு ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் போட்டது.

காப்பின்னு சொன்னதுதான் எனக்கு மனசு ஆறல. 13 நிமிஷத்துக்கு மேல ஓடுற அந்த டிராக்கை முழுசா ஒரு தடவை கேளுங்க. மெட்டு வந்து போகும். அப்புறம் அவர் குழுவோட மெக்காய் டைனர் பியானோல ரெண்டே கார்டை (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) ஊஞ்சல் மாதிரி ஆட்டிக்கிட்டே இருப்பார். அது மேல ஏறி கோல்ட்ரேனோட சோப்ரானோ சாக்ஸ், ராகம் விரிக்கிற மாதிரி சுத்திச் சுத்தி வரும். சிதார் கலைஞர் ரவி ஷங்கர் மேல அவ்வளவு மதிப்பு வெச்சு, மகனுக்கே ரவின்னு பேர் வெச்ச மனுஷன் அவர்.

வியாசர்பாடில எங்க மாமா கல்யாண பேண்டுல சாக்ஸ் வாசிக்கிறார். சினிமாப் பாட்டுதான் பொழப்பு. ஆனா ஊர்வலம் தெருமுனையில நின்னுட்டா, சாக்ஸ் வாய்ல இருக்கிற ரீட் பட்டையை நாக்கால ஈரமாக்கிட்டு, பல்லவியோட கடைசி வரியை மட்டும் பிடிச்சு அஞ்சு நிமிஷம் விதவிதமா வாசிப்பார். டிரம்ஸ்காரர் கண்ணெடுக்காம அவரையே பார்த்துக்கிட்டு கூடவே போவார். முதல்ல கேட்ட பாட்டு அப்போ வேற பாட்டாயிடும்.

அந்த வருஷத்தையாவது மாத்திடுங்க தம்பி, நிறைய பேர் ஷேர் பண்றாங்க.