நைன் இஞ்ச் நெயில்ஸின் அமைதி சினிமாவில் தொடங்கியதல்ல

'தி சோஷியல் நெட்வொர்க்' படத்துக்கு இசையமைத்த பிறகுதான் நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு அமைதியான இசைக்கு வந்தது, அதற்கு முன் வெறும் இரைச்சல்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். வரிசை தலைகீழாக இருக்கிறது. படம் வந்தது 2010-இல். 2008-இலேயே இந்தக் குழுவின் 'கோஸ்ட்ஸ்' ஆல்பம் வந்துவிட்டது: 36 துண்டுகள், பெரும்பாலும் வாத்திய இசை. படத்துக்கு, குழுவின் தலைவரான ட்ரென்ட் ரெஸ்னருடன் சேர்ந்து இசையமைத்த அட்டிகஸ் ராஸ் அதிலும் இருக்கிறார்.

சரி, இன்னும் பின்னால் போவோம். 1994-இல் வந்த 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' ஆல்பத்தில், அத்தனை இயந்திர ஓசைகளுக்கு நடுவே 'எ வார்ம் பிளேஸ்' என்று குரலே இல்லாத ஒரு மெல்லிய இசை வரும். முதல்முறை கேட்டபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் 1999-இன் இரட்டை ஆல்பம் 'தி ஃப்ராஜைல்'. அதிலுள்ள பியானோவை ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.