எந்த விமானம் என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை

2020 செப்டம்பர் வாக்கெடுப்புக்கான கடிதவுறை வந்த அன்று நானும் அம்மாவும் சமையலறை மேசையில் இருந்து அதைப் பிரித்தோம். வழக்கமான சிவப்புக் கைநூல். ஐந்து கேள்விகள். அதில் ஒன்று, சுவிஸ் விமானப்படைக்குப் புதிய போர் விமானங்கள் வாங்க 6 பில்லியன் பிராங்க் வரை செலவிட ஒப்புதலா என்பது. நான் வாசித்துச் சொன்னதும் அம்மா கேட்டா: "எதுக்குப் பிள்ளை இவங்களுக்குக் குண்டு போடுற பிளேன்? ஆருக்குப் போடப் போறாங்கள்?"

இலங்கையில் கிபிர் போர் விமானத்தின் இரைச்சல் கேட்டு எங்களை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடிய மனுசி. அவவிடம் விமானத்தின் நன்மையை விளக்க எனக்கு மனம் வரவில்லை. அவ "நைன்" (இல்லை) என்று எழுதினா. நான் "யா" (ஆம்) என்று எழுதினேன். நாடு முழுவதும் எண்ணி முடித்தபோது 50.1 வீதம் ஆம். வித்தியாசம் வெறும் 8,670 வாக்குகள். எங்கள் வீட்டைப் போலவே நாடும் பாதிக்குப் பாதியாகப் பிரிந்து நின்றது.

நான் ஆம் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2014 பெப்ரவரி 17 அதிகாலை, அடிஸ் அபாபாவிலிருந்து ரோமுக்குப் புறப்பட்ட எத்தியோப்பியன் விமானத்தை அதன் துணை விமானியே கடத்தி ஜெனீவாவில் இறக்கினார். தலைமை விமானி கழிவறைக்குப் போன நேரம் பார்த்துக் கதவைப் பூட்டிவிட்டார். உள்ளே இருநூறு பேர். பக்கத்தில் துணைக்குப் பறந்து வந்தவை இத்தாலியப் போர் விமானங்களும் பிரெஞ்சுப் போர் விமானங்களும். சுவிஸ் விமானம் ஒன்றுகூட எழும்பவில்லை, ஏனென்றால் அப்போது எங்கள் விமானப்படைக்கு அலுவலக நேரம் இருந்தது. காலை எட்டு மணிக்கு முன் யாரும் கடமையில் இல்லை. அந்த விமானத்தில் இருந்தவர்களை நினைத்து நான் உண்மையில் கலங்கிப் போனேன். வானத்துக்குக் காவல் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். 2020 கடைசியிலிருந்து 24 மணி நேரமும் ஆயுதத்தோடு இரண்டு விமானங்கள் தயார் நிலையில் இருக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்று குறையாக இருந்தது விமானம் அல்ல, எங்கள் விமானப்படையின் எப்-18 போர் விமானங்கள் அப்போதும் இருந்தன. குறையாக இருந்தவை ஆட்களும் அவர்களுக்கான சம்பளப் பணமும்.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

2014 மே மாதம் எங்களிடம் சுவீடனின் கிரிப்பன் போர் விமானங்கள் 22 வாங்கலாமா என்று விமானத்தின் பெயரைச் சொல்லியே கேட்டார்கள். 53.4 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதில் பாடம் படித்த அரசு 2020இல் பெயரைச் சொல்லவே இல்லை. பணத்துக்கு மட்டும் ஒப்புதல் கேட்டது. விமானத்தைப் பிறகு நாங்களே தெரிவு செய்கிறோம் என்றது. யூரோஃபைட்டர், ரஃபேல், சூப்பர் ஹோர்னெட், எப்-35 நான்கும் 2019இலேயே பயெர்ன் விமானப்படைத் தளத்தில் பறந்து காட்டியிருந்தன. 2021 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் எப்-35ஏ என்று அறிவித்தார்கள், 36 விமானங்கள். மதிப்பீட்டில் 336 புள்ளி, இரண்டாவதாக வந்ததைவிட 95 புள்ளி கூட. வாங்கி 30 வருடம் பராமரிக்க 15.5 பில்லியன், அடுத்ததைவிட 2 பில்லியன் மலிவு என்றும் சொன்னார்கள்.

புள்ளிக் கணக்கைப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எதிர்த்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் கையெழுத்துச் சேர்த்து 2022 ஓகஸ்டில் கொடுத்தார்கள். இந்த விமானம் பற்றியே வாக்கெடுப்பு வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அடுத்த மாதமே அரசு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அமெரிக்கா தந்த விலை 2023 மார்ச் வரைதான் செல்லும், காத்திருக்க முடியாது என்றார்கள். மழையிலும் பனியிலும் தெருவில் நின்று சேர்த்த கையெழுத்துகள் அவை. இந்த நாட்டை நான் நேசிப்பதற்கு முதல் காரணமே இங்கே சாதாரண சனத்தைக் கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள் என்பது. அந்த இடத்திலேயே கை வைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி விலைக்கு வருவோம். "மாறாத விலை" என்று பல தடவை உறுதி சொன்னார்கள். 2022லேயே கூட்டாட்சிக் கணக்காய்வு அலுவலகம் அந்த மாறாத விலைக்குச் சட்ட உறுதி இல்லை என்று எழுதியது. அரசு சட்டத்தரணிகளின் கருத்துரையைக் காட்டி அதைத் தள்ளிவிட்டது. 2025 ஜூனில் அமெரிக்கா சொன்னது: அது ஒரு "தவறான புரிதல்". கூடுதல் செலவு ஒரு பில்லியன் பிராங்கைத் தாண்டலாம் என்ற நிலை. ஓகஸ்டில் சுவிஸ் பொருட்களுக்கு ட்ரம்ப் 39 வீத வரி போட்டார். அதே மாதம் விலைப் பேச்சும் பலனில்லாமல் முடிந்தது. டிசம்பரில் அரசு ஒத்துக்கொண்டது, 6 பில்லியனுக்குள் எத்தனை கிடைக்குமோ அத்தனை, 36 இனி இல்லை.

அமெரிக்க அரசு ஊடாக ஆயுதம் வாங்கும் முறையே அப்படித்தான். அவர்களே உற்பத்தி நிறுவனத்திடம் வாங்கி, உண்மையில் என்ன செலவோ அதை எங்கள் தலையில் இறக்குவார்கள். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்து வைத்ததுபோல.

இதை முதல் தடவை என்று நினைக்காதீர்கள். 1961இல் 100 மிராஜ் விமானங்களுக்கு 871 மில்லியன் பிராங்க் ஒதுக்கினார்கள். பிரான்ஸ் செய்த விமானத்துக்கு அமெரிக்க மின்னணுவியல் வேண்டும், மலைக் குகைக்குள் தூக்கி வைக்கக் கொக்கி வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மாற்றினார்கள். 1964இல் இன்னும் 576 மில்லியன் வேண்டும் என்று வந்து நின்றார்கள். நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது, 100ஐ 57 ஆகக் குறைத்தது, விமானப்படைத் தளபதி பதவி இழந்தார், பாதுகாப்பு அமைச்சர் ஷோடே 1966இல் பதவி விலகினார். அன்றைக்கு யாரோ ஒருவர் பொறுப்பு ஏற்றார். இன்றைக்கு "தவறான புரிதல்" என்ற ஒரு சொல்லோடு எல்லாரும் கைகழுவிவிட்டார்கள்.

சிறிய நாடு போர் விமானம் வாங்குவது கார் வாங்குவது மாதிரி இல்லை. முப்பது வருடத்துக்கு உதிரிப்பாகம், மென்பொருள், ஆயுதம் எல்லாவற்றுக்கும் விற்றவனின் வாசலில்தான் நிற்க வேண்டும். பிரான்ஸிடமோ ஜெர்மனியிடமோ வாங்கியிருந்தாலும் சார்ந்துதான் இருந்திருப்போம், அது எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஜெனீவாவுக்கு அன்று வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். வழிதவறும் பயணிகள் விமானத்தோடு பக்கத்தில் போய்ப் பறக்க, ரேடாருக்கு அகப்படாமல் எதிரி நாட்டுக்குள் புகும் விமானம் தேவையில்லை. 36 இல்லை என்றால் குறைவாகவே வாங்கட்டும். மிச்ச நேரமும் பணமும் விமானிகளுக்கும் தரை ஊழியர்களுக்கும் போகட்டும்.

விமானப்படைத் தளம் இருக்கும் மைரிங்கன் பக்கம் நடக்கப் போகும்போது மலைக்குள் இருந்து எப்-18 வெளியே வந்து பள்ளத்தாக்கை அதிரவைத்து எழும்பும். என்னோடு நிற்பவர்கள் கைபேசியைத் தூக்குவார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடிப்பா, இருபது வருடம் தாண்டியும். எப்-35 இதைவிடச் சத்தம் என்று அவவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

கூடுதல் பணம் வேண்டுமென்றால் அதையும் எங்களிடம் வந்து கேட்கட்டும். இந்தத் தடவை விமானத்தின் பெயரையும் போட்டுக் கேட்கட்டும். அந்தக் கடிதவுறை வந்தால் அதே மேசையில் இருந்து பிரிப்போம். அம்மா "நைன்" என்று எழுதுவா. நானும்.