கன்னா வேலை செய்கிறது, அதனால்தான் கவலை

“டிப்ரஷனுக்கு மாத்திரை வேண்டாம். இந்த ஆப்பிரிக்க மூலிகையே போதும். செரட்டோனினைக் கூட்டும், இயற்கையானது, பக்க விளைவே கிடையாது.” கன்னாப் பொடி விற்கிறவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். மூச்சு விடாமல் சொல்வதால் உள்ளே இருக்கும் முரண் கேட்பவருக்குத் தெரிவதில்லை. செரட்டோனின் என்பது மனநிலையோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருள். அதன் அளவிலேயே கை வைக்கிற பொருள் என்றால் அது மருந்து. மருந்து என்றால் அளவு உண்டு, ஒவ்வாமை உண்டு, எதோடு சேரக்கூடாது என்ற கணக்கும் உண்டு. சும்மா செடிதானே என்றால், செரட்டோனின் பேச்சை விட்டுவிட வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

எனக்கு அந்தச் செடி மேல் கோபம் எதுவும் இல்லை. உண்மையில் அதன் கதை மிகவும் பிடிக்கும்.

தென்னாப்பிரிக்காவில் நமாக்வாலாந்து, காரூ போன்ற வறண்ட பகுதிகளில் தரையோடு படர்ந்து வளரும் செடி இது. தண்ணீரைச் சேமித்து வைக்கும் சதைப்பற்றான இலை. அந்த இலை காய்ந்தால் நரம்புகள் மட்டும் எலும்புக்கூடு மாதிரி மிஞ்சும். அங்கே பூர்வகுடிகளான சான் மக்களும் கொய்கொய் மக்களும் ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்கு முன்பிருந்தே இதை மென்றிருக்கிறார்கள். வேட்டைக்கும் மேய்ச்சலுக்கும் நெடுந்தூரம் நடக்கும்போது பசியும் தாகமும் தெரியாமலிருக்க, பல்வலிக்கு, மனசு லேசாக. கைக்குழந்தைக்கு வயிற்றுவலி என்றால் சாற்றில் ஓரிரு துளி.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பக்குவம். செடியைப் பறித்துக் கற்களுக்கிடையே நசுக்கி, பையில் போட்டு இறுகக் கட்டி வெயிலில் வைப்பார்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் திறந்து, கிளறிவிட்டு, மறுபடி கட்டிவிடுவார்கள். ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே புளித்த பிறகுதான் வெளியே எடுத்துப் பரப்பிக் காயவைப்பது. இந்தச் செடியின் முக்கியமான ஆல்கலாய்டு, அதாவது உடலில் வேலை காட்டும் தாவர வேதிப்பொருள், மெசெம்ப்ரின். இப்படிப் புளிக்கும்போது அதில் ஒரு பகுதி வேறு சேர்மமாக மாறுவதைப் பின்னாளில் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அந்த மக்களிடம் வேதியியல் பெயர்கள் இல்லை, ஆனால் எத்தனை நாள் வைக்க வேண்டும், எவ்வளவு மெல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தது. இன்று பொட்டலத்தில் வருவது செடி மட்டும்தான். அந்தத் தெரிதல் கூடவே வருவதில்லை.

1685இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் டச்சு நிர்வாகத் தலைவராக இருந்த சைமன் வான் டெர் ஸ்டெல் செம்பு தேடி நமாக்வாலாந்துக்குப் போனார். (அவருடைய தாய்வழிப் பாட்டி ஓர் இந்தியப் பெண் என்பது பலருக்குத் தெரியாது.) அந்தப் பயணக் குறிப்பில் கன்னா வருகிறது. அக்டோபரில் பறிக்கிறார்கள், இந்தியர்கள் வெற்றிலை பாக்கை மதிப்பது போல இவர்கள் இதை மதிக்கிறார்கள், நாள் முழுக்க மென்று போதையேறுகிறார்கள் என்று எழுதிவிட்டு, இதைப் பயிரிட்டால் லாபம் வரும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். பார்த்த வேகத்தில் லாபக் கணக்கு! இன்று அமெரிக்காவில் மெல்லும் மிட்டாயாகவும் மூக்கில் உறிஞ்சும் தூளாகவும் இது விற்பனையாவதைப் பார்த்தால், அந்தக் கணக்கு தப்பவில்லை.

அந்த லாபத்தில் பங்கு யாருக்கு என்ற கேள்வி மெதுவாகத்தான் வந்தது. பசியை அடக்க சான் மக்கள் மென்ற ஹூடியா என்ற இன்னொரு சதைப்பற்றுச் செடிக்கு, அவர்களைக் கேட்காமலேயே தென்னாப்பிரிக்க அரசின் ஆய்வு மன்றம் காப்புரிமை எடுத்தது. பிரச்சினை வெடித்து, 2003இல்தான் பங்கு தர உடன்பாடு வந்தது. கன்னா விஷயத்தில் கொஞ்சம் தேவலை. அதன் சாற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம் 2008இல் தென்னாப்பிரிக்க சான் மன்றத்தோடு ஒப்பந்தம் போட்டது. இந்த அறிவைக் காப்பாற்றி வைத்திருந்த நூரிவியர், பால்ஸ்ஹூக் ஊர்களுக்கும் அதில் பங்கு. இணையத்தில் கிடைக்கிற ஏதோ ஒரு பொடியை வாங்குகிறவர் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, மனநிலைக்கு உதவுமா? உதவக்கூடும் என்றுதான் நானும் நினைக்கிறேன். செரட்டோனினை நரம்பணுக்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை மெசெம்ப்ரின் தடுக்கிறது. 2013இல் வந்த ஓர் ஆய்வில், உடல்நலத்தோடு இருந்த 16 பேருக்கு 25 மில்லிகிராம் சாற்றை ஒரே ஒரு தடவை கொடுத்து, பயந்த முகங்களின் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். பயத்துக்கு எதிர்வினை காட்டும் அமிக்டலா பகுதி வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. அதே ஆண்டு 37 பேரை வைத்து மூன்று மாதம் நடந்த பாதுகாப்புச் சோதனையிலும் பெரிய தொந்தரவு இல்லை. இங்கேயும் எல்லாரும் ஆரோக்கியமானவர்களே. இரண்டிலும் மனச்சோர்வு நோயாளி ஒருவர்கூட இல்லை. கொடுத்ததும் அளந்து தரப்படுத்திய சாறு. காட்டுச் செடியில் மெசெம்ப்ரின் அளவு இடத்துக்கு இடம் மாறும், சில செடிகளில் இருப்பதே தெரியாது. உங்கள் ஒரு ஸ்பூன் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் செய்வதும் இதே வேலைதான். கன்னாவைச் சிபாரிசு செய்கிற வீடியோவை விரும்பிப் பார்ப்பவர்களில் பலர் ஏற்கெனவே இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரே வேலையை இரண்டு பொருள் சேர்ந்து செய்தால் செரட்டோனின் அளவு மீறிப் போகலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, காய்ச்சல், குழப்பம் என்று ஆரம்பித்து, தீவிரமானால் உயிருக்கே ஆபத்து. “அப்போ மாத்திரையை நிறுத்திவிட்டு இதை எடுக்கிறேன்” என்று சட்டென்று நிறுத்துவது வேறொரு தொல்லை. தலைசுற்றல், தூக்கமின்மை, பழைய மனச்சோர்வு திரும்ப வருவது என்று அதற்கும் தனி விலை உண்டு.

எடுத்தே தீர வேண்டும் என்று தோன்றினால், முதலில் உங்கள் மனநல மருத்துவரிடம் கேளுங்கள். கன்னா என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பிடிபடாமல் போகலாம். ஸ்கெலீட்டியம் டார்ச்சுவோசம் என்ற அதன் தாவரவியல் பெயரை எழுதிக் காட்டுங்கள், அல்லது பொட்டலத்தையே எடுத்துப் போங்கள். திட்டுவார் என்று பயந்து மறைக்காதீர்கள்.