கோழிக்கால் காட்சிக்கு அப்பால்

வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கிய 'கில்லர் ஜோ' (2011) ஏழைகளை எள்ளி நகையாடும் படம் என்று அதைப் பற்றி எழுதிய கட்டுரையாளர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. காப்பீட்டுப் பணத்துக்காகத் தாயைக் கொல்ல, டெக்சஸ் காவல்துறைத் துப்பறிவாளர் ஒருவரையே கூலிக்கு அமர்த்தும் குடும்பத்தின் கதையை, டிரேசி லெட்ஸ் தம் நாடகத்திலிருந்து தாமே திரைக்கதையாக்கினார். அமெரிக்காவில் படத்துக்கு பதினேழு வயதுக்கு உட்பட்டோர் பார்க்கத் தடை விதிக்கும் 'என்சி-17' சான்று வழங்கப்பட்டதாலோ என்னவோ, விமர்சனங்கள் பலவும் வறுத்த கோழிக்காலைக் கொண்டு ஒரு பெண்ணை இழிவுபடுத்தும் காட்சியையே சுற்றி வந்தன. ஆனால் அந்தக் கொடூரம் முடிந்த கையோடு, அந்தத் துப்பறிவாளராக நடித்த மாத்யூ மெக்கானகி எல்லோரையும் இரவு உணவுக்கு உட்கார வைக்கும்போது, அவரிடம் தெரியும் நிதானம்தான் என்னை நடுங்க வைத்தது; எழுந்த சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. அந்த நடிப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது மிகுந்த வருத்தமளிக்கிறது.